பதினேழு சி நிறுத்தம் நடந்துவந்த இருபது நாட்கள்

செம்பியநல்லூரில் டவுன் பஸ் ஓட்டும் குத்தகை பங்கஜவல்லி கம்பெனியிடமிருந்து நவகதி கம்பெனிக்குக் கைமாறிய வருஷம், நாற்பத்துமூன்று பஸ்களும் ஒரே வாரத்தில் மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு மாறின, டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் புதுச் சட்டை வந்தது, டிக்கெட் கட்டு போய்க் கையில் பிடிக்கிற மெஷின் வந்தது, ஆனாலும் பழைய ஆஸ்பத்திரி வளைவில் இருக்கிற பழைய குழியில் பஸ் இறங்கி ஏறும்போது தலை கூரையில் இடிப்பது மாறவில்லை என்பதால், நம்ம பஸ்தான், பெயிண்ட்தான் வேற என்று ஊர் சமாதானமாகிவிட்டது. அந்த வருஷம்தான் பதினேழு சி கடைசி நிறுத்தத்தின் நிழற்குடை எழுந்து ஊரைப் பார்த்து நடந்தது.

அந்த நிறுத்தம் இருந்தது போர்டு வீட்டு வாசலில். ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை வெள்ளம் வந்தால் ஆபத்து என்று சொல்லி லாரிகளில் ஏற்றி, ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, பைபாஸ் ரோட்டை ஒட்டி ஹவுசிங் போர்டு நாலு நாலு மாடியாகக் கட்டின வீடுகளில் இறக்கிவிட்டிருந்தார்கள். ஆட்களைத்தான் லாரியில் ஏற்ற முடிந்தது, அவர்கள் பார்த்த வேலைகளை ஏற்ற முடியவில்லை. மீன் மார்க்கெட்டும் ஆஸ்பத்திரியும் ஹோட்டல்களும் அச்சாபீஸும் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. அதனால் காலை ஆறு இருபதுக்கும், எட்டுப் பத்துக்கும், பத்தரைக்கும், ஒன்றேகாலுக்கும், நாலு நாற்பதுக்கும், ஏழு ஐந்துக்கும் பதினேழு சி பஸ் வந்து அவர்களை அவர்கள் வேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது.

பங்கஜவல்லி கம்பெனியின் வழித்தட ஆபீஸில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த தமயந்திக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. புதுக் கம்பெனி வந்ததும் முதல் காரியமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஏழு நாள் உட்கார்ந்து எண்ணிவரச் சொன்னது. பழைய ஆட்களில் யார் முதலில் கம்ப்யூட்டர் வகுப்பை முடிக்கிறார்களோ அவர்களை வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. தமயந்திக்குப் போர்டு வீட்டு நிறுத்தம் விழுந்தது.

முதல் நாள் அவள் போகத்தான் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். பதினேழு சி வந்து நின்றது, அதிலிருந்து இறங்கின கூட்டத்தையும், மீன் கூடைகளையும், படியில் தொங்கிக்கொண்டு வந்து குதித்தவர்களையும் பார்த்தாள், தன் கஞ்சிபோட்ட சேலையையும் பார்த்தாள், கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். வகுப்பு பத்து மணிக்கு. திரும்பி நடந்துவிட்டாள். மறுநாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. ஏழாம் நாள் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, தாளில் இருந்த நாற்பத்திரண்டு கட்டங்களிலும் மூன்று, இரண்டு, பூஜ்யம், நான்கு, ஒன்று என்று நிரப்பினாள். பெரிய எண்ணாகப் போட்டால் சரிதானா என்று பார்க்க யாரையாவது அனுப்புவார்கள், சின்ன எண்ணைச் சரிபார்க்க யாரும் பதினோரு கிலோமீட்டர் போகமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்து எழுதினாள் என்பதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. அன்றைக்கு எழுதி முடித்ததும் நல்ல பசி எடுத்துச் சாப்பிட்டாள்.

வகுப்பில் அவள்தான் முதலில் முடித்தாள். வழித்தடங்களின் உதவி மேலாளர் என்று அவள் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். ஆள் ஏறாத தடங்கள் என்று ஆறு தடங்களை நிறுத்தினபோது அதில் ஒன்றாகப் பதினேழு சி இருந்தது. கம்ப்யூட்டரில் அதை எடுத்துவிடும் பட்டனை அழுத்தினவளும் அவள்தான்.

போர்டு வீட்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், பிறகு நடந்தார்கள். பைபாஸ் ஓரமாகவே மூன்று கிலோமீட்டர் நடந்தால் மில் கேட் வரும், அங்கே வேறு பஸ் உண்டு. பஸ் நின்ற இருபத்துமூன்றாம் நாள் காலையில், அச்சாபீஸில் புத்தகம் தைக்கிற சுடலைமணி என்பவர் அப்படி நடந்துபோகும்போது பின்னால் வந்த லாரி அடித்து அந்த இடத்திலேயே போய்விட்டார். பேப்பரில் நாலு வரி வந்தது. ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே அதை வாசித்த தமயந்தி, போர்டு வீடு என்ற வார்த்தைக்கு வந்ததும் டீயைக் கீழே வைத்தாள். பேப்பரை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள், அதற்கு மேல் மடிக்க வரவில்லை.

சுடலைமணிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, காலை ஆறு இருபதுக்கு நிழற்குடை எழுந்தது. உட்கார இடம் இருக்கிறதே என்று அதில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாடு எழுந்திருப்பதுபோல் முதலில் பின்னங்கால்களை ஊன்றி, பிறகு முன்னங்கால்களை மடக்கி நிமிர்த்தி, சிமெண்ட் கட்டிகள் ஒட்டியிருந்த நாலு இரும்புக் கால்களையும் தரையிலிருந்து உருவிக்கொண்டு, தகரக் கூரை லேசாக அதிர, யாரும் பெஞ்சிலிருந்து சரிந்துவிடாதபடி மெதுவாக அது பைபாஸில் இறங்கி ஊர்ப்பக்கமாக முந்நூறு அடி நடந்து, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தது.

உள்ளே இருந்தவர்களில் ஆஸ்பத்திரியில் கூட்டுகிற ஒரு அம்மாள், "எட்டுப் பத்துக்கும் எடுப்பாங்களா?" என்று கேட்டாள். எட்டுப் பத்துக்கும் எடுத்தார்கள். பழைய பஸ்ஸுக்கு என்னென்ன நேரமோ அந்த ஆறு நேரத்துக்கும் நிழற்குடை எழுந்து முந்நூறு அடி நடந்தது, ஒரு நாளும் ஒரு நிமிஷம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. பங்கஜவல்லி காலத்திலேயே இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

முந்நூறு அடியால் யாரும் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. ஆனால் ரோட்டில் நிழற்குடை போனால் லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள், சிலர் இறங்கி வழிவிட்டார்கள். அதனால் போர்டு வீட்டுக்காரர்கள் அது இருக்கிற இடம்வரை சேர்ந்து நடந்து, அது நடக்கும்போது கூட நடந்து, முடியாதவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் உள்ளே ஏற்றி உட்காரவைத்து, மில் கேட் வரைக்குமான அந்த மூன்று கிலோமீட்டரை ஆறு நாளில் பயமில்லாமல் கடந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் அது போகிற பாதையில் கிடந்த டயர்களை முந்தின நாளே அள்ளி வைத்தார். மில் கேட்டில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தார்கள், ஆட்களுக்குப் பாதி, மீதியை நிழற்குடையின் கால்களில் ஊற்றினார்கள், நடந்து சூடாகியிருக்கும் என்று. யாரோ வேப்பிலை கட்டினார்கள். வேறு யாரோ, இது பஸ் ஸ்டாப், சாமி இல்லை என்று அவிழ்த்தார்கள். இரண்டு தரப்பும் பேசி, ஒரு காலில் மட்டும் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. யார் முதலில் உட்காருவது என்பதில் மட்டும் ஒரு தகராறு வந்தது. அதுவும் எல்லா நிறுத்தத்திலும் வருகிற தகராறுதான்.

நவகதி கம்பெனி போலீஸில் எழுதிக் கொடுத்தது. ஊர் எல்லைக்குள் ஆள் ஏற்றி இறக்கும் உரிமை பத்து வருஷத்துக்குத் தங்களுக்கு மட்டுமே என்றும், பெர்மிட் இல்லாமல் ஒன்று தினமும் ஆறு நடை ஓட்டுகிறது என்றும் அதில் இருந்தது. வண்டி சோதிக்கிற அதிகாரி வந்து, குனிந்து பார்த்தார், சக்கரம் இல்லை, இஞ்சின் இல்லை, ஓட்டுகிறவர் இல்லை. ஒன்றேகால் நடையில் தானும் ஏறி உட்கார்ந்து முந்நூறு அடி போய் இறங்கி, இது வாகனம் அல்ல, கட்டடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டடம் என்றால் மாநகராட்சிதான் பார்க்க வேண்டும். மாநகராட்சியில், கட்டடம் அதன் விலாசத்தில் இருந்தால்தான் நோட்டீஸ் ஒட்ட முடியும் என்றார்கள்.

கம்பெனியின் வட்டார மேலாளர் செல்லையா வெளியூர்க்காரர், யாரையும் அதட்டாதவர். அவர் தமயந்தியைக் கூப்பிட்டார்.

"மேடம், நாமும் நம்ம பக்கம் ஒரு தாள் வச்சுக்கணும். நாளைக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து எத்தனை பேர் ஏறுறாங்கன்னு எண்ணிட்டு வந்திருங்க. உங்களுக்குத்தான் அந்த ஸ்டாப் தெரியும்."

நிழற்குடை எழுந்த முதல் நாளே அது எங்கே வருகிறது என்று தமயந்திக்குத் தெரியும். அவளிடம் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வரிசையாக ஒவ்வொருவர் நோட்டாகப் பார்த்துக்கொண்டு வரும்போது வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்குத் தெரிவதுபோல் அவளுக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். நிழற்குடை அப்போது மில் கேட்டைத் தாண்டி ஊர் எல்லைக்கு வந்திருந்தது. பெஞ்சின் மூலையில், கழுத்தில் தாலியில்லாமல், நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டாள்.

"உக்காருங்க. எண்ண வந்தவங்க நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நல்லா எண்ணுங்க. முன்னால யாரோ வந்து ஏழு நாள் எண்ணிட்டுப் போனாங்களாம், பேப்பர்ல போட்டிருந்தான். நாங்க ஒருத்தரும் பாக்கல. நாங்க ஒரு வாய் காப்பிகூடக் குடுக்கல பாருங்க, வந்தவங்களுக்கு."

தமயந்தி பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். "நீங்க எங்க வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டாள், பேச்சை மாற்ற.

"நான் எங்கயும் போகல. எங்க வீட்டுக்காரர்தான் அச்சாபீஸுக்குப் போவாரு. பைபாஸ்ல லாரி அடிச்சிட்டு. இது எழுந்திரிச்ச நாள்லேருந்து நான் இதுலதான் வாரேன், ஆறு நடையும். வீட்ல இருந்தா ஆறு இருபதுக்கு அவரு செருப்பு மாட்டுற சத்தம் கேக்கு." பிறகு, கேட்காமலே, "எம் பேரு பேச்சிக்கனி" என்றாள்.

அன்றைக்குத் தமயந்தி காலையிலிருந்து கடைசி நடைவரை எழுந்திருக்காமல் எண்ணினாள். பிள்ளைகளையும் எண்ணினாள், இடுப்பிலிருந்த குழந்தையையும் எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பேச்சிக்கனி மத்தியானம் தன் சோற்றில் பாதியை ஒரு மூடியில் வைத்துக் கொடுத்தாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிட்டு, மூடியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் செல்லையா பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அன்னைக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். இன்னைக்கு இருநூத்திப் பன்னிரண்டு. எப்படி மேடம்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. அறையில் வேறு யாரும் இல்லை, அவரும் அதட்டுகிறவர் இல்லை. தமயந்தி வாயைத் திறந்தாள். "வேடிக்கை பாக்க வர்றாங்க சார். அதிசயம்ல" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்று அதையே புதுத் தாளில் குறித்து, அவர் இரண்டு தாளையும் ஒரே கோப்பில் வைத்தார்.

அன்று நாலு நாற்பதுக்கு, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறது என்று ஊரே நினைத்திருந்த நிழற்குடை, மணிக்கூண்டில் இடது கைப்பக்கம் திரும்பி மேட்டுத்தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. மேட்டுத்தெருவில்தான் தமயந்தியின் வீடு.

தங்கள் தெருவுக்கு வருகிறது என்றதும் மேட்டுத்தெரு அமர்க்களப்பட்டது. வண்டிகளை எடுத்து ஓரம் கட்டினார்கள், தாழ்வாகத் தொங்கின கேபிள் வயர்களைக் கம்பால் தூக்கிக் கட்டினார்கள், வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவுக்கு ஒரு பஸ் வந்ததில்லை, ஸ்டாப்பாவது வரட்டும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் தமயந்தியிடம், "பஸ் கம்பெனில இருக்கிய, உங்களால தெருவுக்கு ஒரு மரியாத" என்றார். அவள் அன்றே இரண்டு சேலைகளைப் பையில் வைத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு இருபதுக்கு நிழற்குடை எழுந்து, சற்று நின்று, வந்த வழியே திரும்பி ரயில்வே லைன் பக்கமாக நடந்தது. மேட்டுத்தெருக்காரர்கள் தங்கள் கோலங்களில் நின்றுகொண்டு, அது போவதைப் பார்த்தார்கள். ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். போர்டு வீட்டுப் பெண் ஒருத்திக்கு யாரோ தண்ணீர் கொடுக்க மறுத்தது வெளியே வந்தது, கொடுக்க மறுத்தவள் போய் மன்னிப்புக் கேட்டாள். யாரோ போர்டு வீட்டு ஆட்களை வாயால் ஏசினது வந்தது. அவனும் போய்க் கேட்டான். ஒவ்வொருத்தராகப் போய்த் தங்கள் குற்றத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள், நிழற்குடை நின்று கேட்கவில்லை, நடந்துகொண்டே இருந்தது. தமயந்தியின் கணவர் குலசேகரன் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தார். அவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறவர், வயர் எங்கே போய்த் தொடுகிறது என்று பார்த்துப் பழகினவர். அன்று மாலையே மச்சினி வீட்டுக்குப் போனார்.

"நீ இங்க வந்தா அது இங்க வருது. என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

தமயந்தி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், சேலையையும் சொன்னாள், சின்ன எண் போட்ட காரணத்தையும், வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று சொன்னதையும் சொன்னாள்.

குலசேகரன், "லாரி அடிச்சதுக்கு நீ என்ன செய்வ. லாரிக்காரன் பாத்து ஓட்டியிருக்கணும். கம்பெனிக்காரன் மறுபடி ஒருதடவ எண்ணியிருக்கணும். ஊர்ல எல்லாரும் இப்படித்தான் எழுதுதான். விடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை என்று தமயந்திக்குத் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு அவரோடு வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் முதல் நடைக்கு நிழற்குடையும் திரும்பியது.

அது எழுந்த இருபதாம் நாள், எட்டுப் பத்து நடையில் வந்து மேட்டுத்தெரு முனையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து தமயந்தியின் வீடு முந்நூறு அடி. பத்தரை மணி நடைக்கு வாசலில் வந்து நிற்கும். தெரு மறுபடி கோலம் போட்டது. தமயந்தி பத்து மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினாள். இன்னும் அரைமணி நேரம் வீட்டில் இருந்து அது வாசலுக்கு வருவதைப் பார்க்க அவளால் முடியாது என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள். முந்நூறு அடியையும் தானே நடந்தாள்.

உள்ளே முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பேச்சிக்கனி வழக்கமான மூலையில் இருந்தாள், பார்த்ததும் இடம்விட்டாள். தமயந்தி உட்காரவில்லை.

"முன்னால எண்ண வந்தது நான்தான்," என்றாள். "வரல. எண்ண வேண்டியது நான். ஒருநாள்கூட வரல. ஆபீஸ்ல உக்காந்து நானா எழுதினேன். அத வச்சுத்தான் பஸ்ஸ எடுத்தாங்க. எடுத்ததும் என் கையாலதான்."

மீன்காரி ஒருத்தி, "அப்ப யாருமே வரலையா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் முதலில் ஆறுதலாக இருந்ததுபோல் இருந்தது. வந்து பார்த்தும் தாங்கள் கண்ணில் படாமலே ஒருவர் போயிருக்கிறார் என்று நினைத்துத்தான் அவர்கள் இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள்.

"யாரும் வரல," என்றாள் தமயந்தி.

பேச்சிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரல் மாறவில்லை. "காலை ஆறு இருபதுக்கு எத்தனன்னு எழுதினிய?"

"மூணு."

"அந்த மூணுல எங்க வீட்டுக்காரர் உண்டா?"

உண்டு என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். அந்த மூன்று பேருக்கு முகம் கிடையாது. தமயந்தி நின்றாள். எதிரில் இருந்த முப்பது பேர் முன்னால் அழுகையை வரவிடவில்லை. அது வந்தால் அவர்கள் இரங்க வேண்டியிருக்கும், அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தரை ஆனது. நிழற்குடை எழுந்திருக்கவில்லை. பதினொன்று ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள். வண்டி தாமதமானால் காத்திருக்கிற மாதிரிதான், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. கடைசியில் பேச்சிக்கனிதான் முதலில் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தமயந்தியைத் தாண்டி இறங்கி, போர்டு வீட்டுத் திசையில் நடந்துபோனாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவரும் ஏசவில்லை. மேட்டுத்தெருக்காரர்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் யாரும் அன்றைக்குத் தமயந்தியோடு பேசவில்லை.

அன்று மத்தியானமே அவள் நடந்ததை எழுதிச் செல்லையாவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை வாசித்தார்.

"இத எழுதாமயே தடத்தை மறுபடி விட ஏதாவது வழி பண்ணியிருக்கலாமே மேடம். கோப்புலதான் வேடிக்கை பாக்க வந்தாங்கன்னு சரியா இருக்கே."

"அதுவும் பொய்னு அதுல எழுதியிருக்கேன் சார்."

ஒரு பிரதியை மாநகராட்சியில் கொடுத்தாள். இன்னொரு பிரதியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்த எழுத்தர் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுசாக வாசித்துவிட்டு, "லாரி டிரைவர் மேல கேஸ் நடக்கும்மா. மூணுன்னு எழுதினதுக்கு எங்ககிட்ட செக்‌ஷன் இல்ல" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் அதட்டி உள்ளே உட்கார வைத்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் லேசாக வீட்டுக்குப் போயிருப்பாள்.

மாநகராட்சி விசாரித்தது, கம்பெனி பதில் எழுதியது, இரண்டு மாதம் கழித்துப் பதினேழு சி மறுபடி ஓட உத்தரவானது. தமயந்தியின் உதவி மேலாளர் பலகையைக் கழற்றினார்கள். வேலையைவிட்டு எடுக்கவில்லை, போர்டு வீட்டு நிறுத்தத்தில் நேரம் குறிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. அவளும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

நிழற்குடை மேட்டுத்தெரு முனையிலேயே இருந்துவிட்டது. கால்கள் தரையில் நன்றாக இறங்கிவிட்டதால் பெயர்த்தெடுக்க வந்த மாநகராட்சி ஆட்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பஸ் வராத தெருவில் அது நிற்கிறது. சாயங்காலம் ஆண்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறார்கள், காய்கறி வண்டிக்காரர் மழைக்கு ஒதுங்குகிறார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் தமயந்தி அதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

போர்டு வீட்டு வாசலில் இப்போது நாலு குழிகள் மட்டும் இருந்தன. அங்கே வெயிலில் நின்று அவள் ஆறு நடைக்கும் ஏறுகிறவர்களை எண்ணினாள். கம்பெனி எண்ணச் சொல்லவில்லை, மெஷினே எண்ணிக்கொள்கிறது. அவள் ஒரு நோட்டில் எழுதினாள். ஆஸ்பத்திரி அம்மாள் இரண்டாம் வாரத்திலிருந்து அவளிடம் மணி கேட்டாள். மீன்காரி ஒரு மாதம் கழித்து, பஸ் லேட்டா என்று கேட்டாள். பேச்சிக்கனிக்கு அச்சாபீஸில் அவள் கணவர் பார்த்த வேலையையே கொடுத்திருந்தார்கள். தினமும் ஆறு இருபது பஸ்ஸில் அவள் ஏறினாள். தமயந்தி நிற்கிற இடத்தை அவள் கண் ஒருநாளும் தொட்டதில்லை. ஒரு கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனாள். நாலு மாதம் அப்படிப் போனது.

ஐப்பசியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கே மழை பிடித்தது. ஒதுங்க இடமில்லாமல் நாற்பது ஐம்பது பேர் சாக்கையும் தட்டையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். பேச்சிக்கனி குடை வைத்திருந்தாள், பக்கத்தில் நின்ற பிள்ளைத்தாய்ச்சியையும் அதற்குள் சேர்த்துக்கொண்டாள். தமயந்தி நோட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நனைந்தபடி நின்றாள். முகத்தில் வழிகிற தண்ணீரில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சரியாக எண்ண வேண்டுமே என்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்தவள், தார் விளிம்பைத் தாண்டி ரோட்டில் கால் வைத்ததைக் கவனிக்கவில்லை.

"தள்ளி நில்லுங்க," என்றாள் பேச்சிக்கனி. "வண்டி வருது."

தமயந்தி ரோட்டிலிருந்து மண்ணுக்கு ஏறினாள். அவள் நின்ற இடத்தைக் கிழித்துக்கொண்டு, தண்ணீரை வாரி அடித்தபடி ஒரு லாரி போனது. அதற்குப் பின்னால் பதினேழு சி வந்து நின்றது. பேச்சிக்கனி குடையை மடக்கி, உதறி, பிள்ளைத்தாய்ச்சியை முன்னால் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். தமயந்தி நனைந்த கையால் நோட்டை எடுத்து, ஏறினவர்களை எழுதினாள். ஐம்பத்தொன்று.